யார் நோட்டை யார் பார்ப்பது?

"நோட்டை மாத்திக்குங்க, பக்கத்துல இருக்கறவங்க திருத்துங்க" என்று ஒரு தடவையாவது சொல்லாத ஆசிரியர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை வந்தது. அதிலிருந்து, பாடம் நடக்கும்போதே பிள்ளையின் கற்றலைப் பார்க்கும் வளரறி மதிப்பீடு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் சக மாணவர் மதிப்பீடும் கூடவே வருகிறது. செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் குழப்பம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நடத்துவதா, ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் தக்கபடி மாற்றுவதா? மாற்றுவதென்றால் எதை மாற்றுவது?

ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எடுப்பவர்களை மனதில் வைத்து நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். என் தேர்வு மூன்றாவது வழி. ஆனால் எல்லா வேலைக்கும் அது தேவையில்லை. முதல் வழியே போதுமான இடங்களும் இருக்கின்றன.

முதலில் நம் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். பல்லடம், திருப்பூர் பக்கத்து அரசுப் பள்ளியில் ஓர் எட்டாம் வகுப்பு. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கும் அம்மாவின் மகள் இருக்கிறாள். வீட்டிலேயே தறி ஓட்டுபவரின் மகன் இருக்கிறான். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் தமிழை நன்றாகப் பேசுவான், எழுத்தில் தடுமாறுவான். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தாலும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை ஒன்று. தோட்டத்துச் சாளையிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை ஒன்று. தாளவாடிப் பக்கம் போனால் பாதி வகுப்புக்கு வீட்டு மொழி கன்னடம். இவர்கள் எல்லோர் கையிலும் ஒரே மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்து "பக்கத்து நோட்டுக்கு மதிப்பெண் போடு" என்றால் தாள்தான் ஒன்றாக இருக்கும். ஒவ்வொருவரும் செய்யும் வேலை வேறுவேறாகிவிடும்.

சரி, பிள்ளையைப் பற்றி எதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்வது? இதில் ஒரு தவறான பாதை இருக்கிறது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வினாத்தாள்கள் பல பயிற்சிகளில் சுற்றுகின்றன. அப்படிப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். "இவள் பார்த்துக் கற்பவள், படத்தை மட்டும் மதிப்பிடட்டும்" என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவிடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம். எழுத்தை மதிப்பிடும் பழக்கம் அவளுக்கும் வேண்டியதுதான்.

எனக்குப் பயன்பட்ட குறிப்புகள் நான்குதான். சரளமாக வாசிக்கிறாளா, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறாள். ஒரு விஷயத்தை விளக்கும்போது எந்த மொழியில், எழுத்திலா பேச்சிலா தெளிவாக வருகிறது. குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறாள். யார் முன்னால் வாய் திறக்கிறாள், யார் முன்னால் திறப்பதில்லை. நான்குமே மாறக்கூடியவை. ஜூனில் எழுதிய குறிப்பு செப்டம்பரில் பொய்யாகலாம், பொய்யாகவும் வேண்டும். அதனால் இவற்றைப் பென்சிலில்தான் எழுதிவைக்கிறேன்.

நான்காவது குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் திறந்து பேச வேண்டும். நம் கிராமப் பள்ளிகளில், யார் தோட்டத்துக்கு யார் வீட்டு ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். சாதியும் தெரியும். தன் அப்பா கூலிக்குப் போகும் தோட்டத்துக்காரர் மகனின் நோட்டு கைக்கு வந்தால், அந்தப் பிள்ளை என்ன எழுதுவாள்? "நல்லா இருக்குதுங்க." அவ்வளவுதான். அவன் அவள் நோட்டைப் பார்க்கும்போது சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் கோடு போடுவான். இதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சக மாணவர் மதிப்பீடும் ஊரில் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பள்ளிக்குள்ளும் ஒரு தரம் நடத்திக் காட்டுவதாகவே முடியும். பிள்ளையின் வாசிப்பு நிலையைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனால் பயிற்சிக் கட்டகங்களில் வாசிப்பு நிலைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, இதற்கு ஒரு வரி இருந்தும் நான் பார்த்ததில்லை.

இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, பக்கத்து நோட்டு. விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாற்றித் திருத்தச் சொல்வது. தயாரிப்பு எதுவும் வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோடிட்ட இடம் நிரப்புக, பொருத்துக, ஒருவரி விடை, கணக்கில் இறுதி விடை சரிபார்ப்பது, இவற்றுக்கு இது போதும். பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிச் செய்ய இதில் பெரிதாக எதுவும் இல்லை. மெதுவாக வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் சரி.

கட்டுரைக்கும் செயல்திட்டத்துக்கும் இதையே பயன்படுத்தினால் சிக்கல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நெருங்கிய நண்பர், இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை இல்லாதவர். இரண்டுமே மதிப்பீட்டுக்கு ஆகாது. மதிப்பெண்ணும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு அறிவியல் மாணவர்களிடம் சாட்லரும் குட்டும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில், மற்றவர் தாளைத் திருத்திய பிள்ளைகள் நன்றாகப் படிப்பவர்களுக்கு ஆசிரியர் போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள். தன் தாளைத் தானே திருத்தியவர்களில் குறைந்த மதிப்பெண்காரர்கள் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அதே தேர்வைச் சொல்லாமல் மறுபடி வைத்தபோது, தானே திருத்தியவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். மற்றவர் தாளைத் திருத்தியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதைப் படித்த பிறகு, பக்கத்து நோட்டுக்குப் போகும் முன் தன் நோட்டைத் தானே பார்க்கும் ஐந்து நிமிடத்தை எந்த வழியிலும் நான் விடுவதில்லை.

இரண்டாம் வழி, நிலை பார்த்து இணை சேர்ப்பது. தொடக்க வகுப்புகளில் 2022இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்திக் கற்பிக்கிறார்கள். அங்கே வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு அது உதவுகிறது. அதைப் பார்த்து, மேல் வகுப்பிலும் இப்படிப் பிரித்து மதிப்பீட்டுக்கு இணை சேர்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இதில் இரண்டு வகை உண்டு: நன்றாகப் படிப்பவரோடு தடுமாறுபவரைச் சேர்ப்பது ஒன்று, ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்ப்பது இன்னொன்று.

முதல் வகைதான் பள்ளிகளில் அதிகம் நடப்பது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனால் போக்குவரத்து ஒரே பக்கமாகப் போகிறது. நன்றாகப் படிப்பவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், தடுமாறுபவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் முறை வரும்போது அவள் நோட்டில் குறை சொல்ல அவனுக்கு எதுவும் தென்படாது, தென்பட்டாலும் சொல்ல மாட்டான். யார் அதிகம் லாபம் அடைகிறார்கள்? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களை லண்ட்ஸ்ட்ராமும் பேக்கரும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பிறர் கட்டுரைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள். மறு பகுதியினர் பிறர் சொன்ன கருத்தைக் கொண்டு திருத்தி எழுத மட்டும் பழகினார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி, கருத்துச் சொன்னவர்களின் சொந்த எழுத்துதான் அதிகம் முன்னேறியது. அதிலும் குறைந்த நிலையில் இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் கல்லூரி வளாகத்தில் மொழி படித்தவர்கள், நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் இணை சேர்க்கும்போது நாம் மறந்துவிடும் ஒன்றை அது காட்டுகிறது. தடுமாறும் பிள்ளைக்குக் கருத்துச் சொல்லும் வாய்ப்புதான் கூடுதலாகத் தேவை. கலப்பு இணையில் அவனுக்குக் கிடைக்காமல் போவதும் அதுதான்.

ஒரே நிலை இணையில் அந்தக் கூச்சம் இல்லை. இரண்டு பேரும் தாராளமாகப் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேருக்குமே 'ற'வும் 'ர'வும் குழம்பினால் அந்தப் பிழை இருவர் கண்ணையும் தாண்டிப் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளைகள் இந்தப் பிரிவினையை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். குழுவுக்கு ரோஜா, மல்லிகை என்று பெயர் வைத்தாலும் எது படிக்காத குழு என்று முதல் நாளே தெரிந்துவிடும். பதின்மூன்று வயதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுப்பது கஷ்டம். ஒரு பாடத்துக்கு, ஒரு தடவைக்கு, ஒரே நிலை இணை பரவாயில்லை. வருஷம் முழுக்க வேண்டவே வேண்டாம்.

மூத்த மாணவர் இளையவரைப் பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறை அதுதான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதே போன்ற முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார், அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். சொல்லிக்கொடுக்க, ஒப்புவிக்கக் கேட்க அது சரி. ஒருவர் எழுத்தை இன்னொருவர் படித்து யோசித்துக் கருத்துச் சொல்வதற்குச் சட்டாம்பிள்ளை அதிகாரம் இடைஞ்சல்தான். குழுத்தலைவர் எல்லார் நோட்டையும் பார்ப்பது என்ற ஏற்பாட்டை இதனாலேயே தனி வழியாக நான் சேர்க்கவில்லை.

மூன்றாம் வழிக்கு வருகிறேன். இதில் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்று. இணை சுழற்சியாக மாறும். மாறுவது, மதிப்பிடுபவர் எந்த வாசல் வழியாக அந்த வேலைக்குள் நுழைகிறார் என்பது.

ஓர் உதாரணம். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையைப் பற்றி எட்டாம் வகுப்பில் கட்டுரை. போகாதவர்கள் தங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதலாம். அளவுகோல் மூன்றே கேள்விகள். படிப்பவருக்கு இடம் கண்ணில் தெரிகிறதா? ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி ஒழுங்காக வருகிறதா? எங்காவது வாக்கியம் புரியாமல் நிற்கிறதா? இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, முதலில் அவரவர் கட்டுரையை அவரவரே பார்க்க வேண்டும். அப்புறம் ஆளுக்கொரு அட்டை.

மெதுவாக வாசிக்கும் பிள்ளையின் அட்டையில், "எழுதியவரைப் படிக்கச் சொல்லிக் கேள். எந்த இடத்தில் படம் மறைந்துபோகிறதோ அங்கே கையைத் தூக்கு" என்று இருக்கும். அளவுகோலின் முதல் கேள்விதான், ஆனால் காது வழியாக. எழுத்துத் தமிழில் தடுமாறும் வடநாட்டுப் பையனுக்கு, "கட்டுரையில் நடப்பதை நான்கு கட்டங்களில் வரைந்து காட்டு, எழுதியவர் சரியா என்று சொல்லட்டும்." அவன் வரைந்ததில் குதிரை விற்ற பிறகு விலை பேசுகிறார்கள் என்றால், வரிசை குழம்பியிருப்பது எழுதியவளுக்கே தெரிந்துவிடும். அவன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஆனால் முழு மதிப்பீட்டாளன். வேகமாகப் படித்து ஏழெட்டுப் பிழைகளைக் கொட்டும் கெட்டிக்காரப் பெண்ணுக்கு, "இரண்டே கருத்து. இரண்டும் கேள்வியாக இருக்க வேண்டும். எந்த வரி என்று கோடு போட வேண்டும்." அவளுக்குத்தான் இது மிகவும் கடினமான அட்டை. பிழை கண்டுபிடிப்பது அவளுக்குச் சுலபம், எது முக்கியமான பிழை என்று தேர்ந்தெடுப்பதுதான் அவள் கற்க வேண்டியது.

குறை சொன்னால் முகம் வாடிப்போகும் பிள்ளைக்கு, கருத்து வாங்கும் பக்கத்தில் மாற்றம். "என் கட்டுரையில் எனக்கே சரியாகப் படாத ஓர் இடம்" என்று அவளே ஒன்றைக் குறித்துவிட்டு அதைப் பற்றி மட்டும் கருத்துக் கேட்கலாம். தானாகத் திறந்த கதவு என்பதால் வருகிறவர்கள் மீது பயம் குறைகிறது. இரண்டு மூன்று சுற்று போன பிறகு முழுக் கட்டுரையையும் கொடுத்துவிடுவாள்.

தோட்டத்துக்காரர் மகன் விஷயத்துக்கு இந்த வழியிலும் முழுத் தீர்வு இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். இருவர் இருவராக விடாமல் மூன்று பேராக உட்கார வைப்பது, கருத்துகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஆசிரியர் மேஜை வழியாகப் போக வைப்பது. வாக்கியத் தொடக்கங்களைக் கொடுத்துவிடுவதும் உதவும். "இந்த வரியில் எனக்குத் தெரிந்தது...", "இங்கே நான் நின்றுபோனேன், ஏனென்றால்...", "இதற்கு அடுத்து என்ன ஆச்சு என்று சொன்னால்...". எல்லோரும் ஒரே தொடக்கத்தில் எழுதும்போது யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியதாக ஆகாது. ஒரு வருஷத்துக்கு அப்படி எழுதிப் பழகிய பிள்ளை, அந்தத் தொடக்கம் இல்லாமலும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் என் ஆசை.

அறிவியலிலும் இது ஓடும். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மஞ்சளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புக் கரைசலை விட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாற்றை விட்டால் நிறம் மாறாது. இதைச் செய்து எழுதிய குறிப்பில், பார்த்தது எது, முடிவுக்கு வந்தது எது என்று பிரித்திருக்கிறார்களா என்பதே அளவுகோல். வாசிக்கத் தடுமாறுபவர் குறிப்பைக் கேட்டுக்கொண்டே அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். "சிவப்பாச்சுன்னு எழுதியிருக்கு, எத்தனை சொட்டுன்னு எழுதலை" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், நான் போடும் பத்து டிக்கை விட மேல்.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். அட்டை தயாரிக்க முதல் மாதம் நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் முடியாது, எழுதுவதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். வகுப்பில் சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றையும்விட ஓர் ஆபத்து உண்டு: அட்டையே முத்திரையாகிவிடலாம். வரையும் அட்டை எப்போதும் அதே பையனுக்குப் போனால் இரண்டாம் வழியில் சொன்ன கெடுதல் அப்படியே இங்கேயும் வந்துவிடும். அதனால் ஒரே அட்டை ஒருவரிடம் இரண்டு சுற்றுக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்று மாறும்போது கெட்டிக்காரப் பெண்ணுக்கும் வரையும் அட்டை போக வேண்டும், வரைந்தவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதும் அட்டை வர வேண்டும். அளவுகோலை மட்டும் யாருக்காகவும் இளக்கக் கூடாது. "உனக்கு இது போதும்" என்று பிள்ளை காதில் விழுந்துவிட்டால் அட்டையால் பிரயோஜனமில்லை.

நான்காம் வழி கணினி. மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் 'வொர்க்‌ஷாப்' என்று ஒரு வசதி இருக்கிறது. யாருடைய வேலை யாருக்குப் போக வேண்டும் என்பதை அதுவே குலுக்கிப்போட்டுப் பிரிக்கும், ஆசிரியரே கையால் பிரிக்கவும் விடும். பெயர் தெரியாமல் மறைக்கலாம். நான்காவது குறிப்பில் சொன்ன சிக்கலுக்கு இது பெரிய உதவி, துண்டுச்சீட்டில் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும், இங்கே அது இல்லை. ஆனால் குலுக்கல் பிள்ளையின் நிலையை அறியாது. தக்கபடி மாற்றும் வேலை கடைசியில் நம் கையால் பிரிப்பதில்தான் இருக்கிறது. தமிழ் தட்டச்சு பழகாத எட்டாம் வகுப்புக்கு, ஒரு கருத்தை அடிப்பதிலேயே பாடவேளை முடிந்துவிடும். கோவையிலோ பெருந்துறையிலோ கல்லூரியில் அறுபது பேருக்கு எடுப்பவராக இருந்தால் நான்காம் வழியைத்தான் பரிந்துரைப்பேன், கையால் பிரிக்கும் பொறுமையோடு. பள்ளிக்கு இப்போது வேண்டாம்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் போடுவதும் ஆசிரியர் போடுவதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 48 ஆய்வுகளைச் சேர்த்து ஃபால்சிகோவும் கோல்ட்ஃபிஞ்சும் 2000இல் கணக்கிட்டார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1 என்று வைத்தால், சராசரி ஒட்டுறவு 0.69 வந்தது. அளவுகோலை நன்றாகப் புரிந்துகொண்டு மொத்தமாக ஒரு மதிப்பீடு சொன்னபோது அதிகம் ஒத்துப்போனது, தனித்தனிக் கூறுகளுக்குத் துண்டு துண்டாக மதிப்பெண் போட்டபோது குறைந்தது. உயர்கல்வி மாணவர்களைப் பற்றிய கணக்கு இது. அங்கேயே இவ்வளவுதான் என்றால், தோட்டத்துக்காரர் மகனும் கூலிக்காரர் மகளும் ஒன்றாக உட்காரும் நம் வகுப்பில் சக மாணவர் போடும் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். நான்கில் எந்த வழியை எடுத்தாலும் சரி, கருத்து பிள்ளைகளுடையது, மதிப்பெண் ஆசிரியருடையது.

ஆக, ஐந்து பிரிவுக்கு ஓடும் ஆசிரியராக இருந்தால் தினப்படி விடைத் திருத்தத்துக்கு முதல் வழியை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கட்டுரைக்கோ ஒரு சோதனைக் குறிப்புக்கோ மட்டும் மூன்றாம் வழி. ஒரே பிரிவை வருஷம் முழுக்க எடுப்பவர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செய்யலாம். கடம்பூர் மலை மாதிரி இடங்களில் இரண்டு வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளியென்றால் மூன்றாம் வழி இன்னும் சுலபம். அங்கே வயதும் நிலையும் ஏற்கனவே கலந்திருப்பதால், யாருக்கு ஏன் வேறு அட்டை என்று ஒரு பிள்ளையும் கேட்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் பருவத்தில் அட்டைகளையே தொட வேண்டாம். தன் நோட்டைத் தானே பார்க்கும் ஐந்து நிமிடத்தையும் அந்த மூன்று வாக்கியத் தொடக்கங்களையும் மட்டும் பழக்கினால் போதும். அந்த நான்கு குறிப்பும் சேர அவ்வளவு நாள் எப்படியும் ஆகும்.

"என் பையன் நோட்டை எதுக்குங்க இன்னொரு பையன் பார்க்கறான்?" என்று பெற்றோர் கேட்டு வருவார்கள். வரும்போது காட்ட, பையன் வாங்கிய கருத்தைவிட அவன் கொடுத்த கருத்துகளைச் சேர்த்து வையுங்கள். வளரறி மதிப்பீட்டின் (அ) பகுதியில் செயல்பாடுகளுக்கு இருக்கும் 20 மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்தக் கருத்துகளின் தரத்துக்கே கொடுக்கலாம். எந்த வரியைச் சுட்டினான், காரணம் சொன்னானா, எழுதியவள் அதை வைத்து எதையாவது மாற்ற முடிந்ததா என்று பார்த்து, நாமே போடும் மதிப்பெண். ஜூனில் எழுதிய சீட்டையும் டிசம்பரில் எழுதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அட்டை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தியதா, மாற்ற வேண்டுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.